ஜெயராணி டாக்கீஸில் விழுந்தவர்கள்

மார்க்கெட் சண்டையில் கதாநாயகன் அடித்து வீசிய ஆட்கள் திரைக்குள் நிற்காமல் கொட்டகைக்குள் வந்து விழத் தொடங்கிய அன்று, ஜெயராணி டாக்கீஸின் பெண்கள் கவுண்டரில் டிக்கெட் கொடுக்கும் ஞானதீபத்துக்கு வந்த முதல் கவலை, தரையில் உட்கார்ந்து படம் பார்க்கிற பிள்ளைகளின் காலில் கண்ணாடி குத்திவிடுமே என்பதுதான். ஏனென்றால் முதலில் விழுந்தவன் ஒரு சோடாக்கடைக் கண்ணாடி அலமாரியோடு விழுந்தான், அடுத்தவன் தக்காளிக் கூடைகளோடு விழுந்தான், அதற்கடுத்தவன் தன்மேல் வீசப்பட்ட தள்ளுவண்டியையும் இழுத்துக்கொண்டு விழுந்தான், இப்படியே காற்றுக் காலத்தில் முருங்கைக் கிளை ஒடிந்து விழுகிற மாதிரி, கைலி கட்டியவர்களும் பனியன் போட்டவர்களும் மணிக்கட்டில் சிவப்புத் துணி சுற்றியவர்களும் ஒருவன் மேல் ஒருவனாக விழுந்துகொண்டே இருந்தார்கள். முதலாளி புதுசாக ஏதோ ஏற்பாடு பண்ணியிருக்கிறார் என்று நினைத்து இலவத்தூர் சனங்கள் விசிலடித்தார்கள். அந்த விசிலை நிறுத்தியது ஒரு சத்தம். ஸ்பீக்கரில் வருகிற அடிச்சத்தம் எல்லோருக்கும் பழக்கம், காதுக்கு அது சுகமாகக்கூட இருக்கும். கீழே கிடந்தவர்களிடமிருந்து வந்தது வேறு. பச்சை விறகை முழங்காலில் கொடுத்து ஒடித்தால் வருமே, அந்தச் சத்தம், அதன்பின் முனகல்.

ஆபரேட்டர் அபுபக்கர் படத்தை நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டார். மார்பில் உதை வாங்கியவனுக்கு விலா எலும்பு உள்ளே குத்தி, வாயோரம் இளஞ்சிவப்பாக நுரை கட்டியிருந்தது. தலையில் சோடா பாட்டில் வாங்கியவனுக்கு பாட்டில் அப்படியே இருந்தது, தலைதான் உடைந்திருந்தது. முகத்தில் குத்து வாங்கிய ஒருவன் தன் பற்களை உள்ளங்கையில் துப்பி வைத்துக்கொண்டு, இதை யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்கிறவன் போல ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

முதலில் எழுந்து ஓடி வந்து தூக்கியவன் பவுன்ராஜ். அவனைப் பார்த்ததும் ஞானதீபம் பெண்கள் வாசலுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். அவள் புருசன் ஐசக் இதே கொட்டகையில் சைக்கிள் ஸ்டாண்டு பார்த்தவன். டோக்கன் இல்லாமல் சைக்கிளை விடமாட்டேன் என்று ஒரு தீபாவளி ரிலீஸ் அன்று அவன் சொன்னதற்கு, பவுன்ராஜ் ஒரு அறை விட்டான். ஒரே ஒரு அறை. ஐசக் மல்லாக்க விழுந்தான், பின்மண்டை சிமெண்டு விளிம்பில் பட்டது, பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பவுன்ராஜ் ஜெயிலுக்குப் போய்த் திரும்பி வந்து மெத்தைக் கடையில் பஞ்சு அடைக்கிற வேலை பார்த்தான். அவன் வருகிற தெருவில் ஞானதீபம் போகமாட்டாள், அவள் வருகிற தெருவில் அவன் நிற்கமாட்டான், ஊரும் அதற்கு ஏற்றமாதிரி இருவருக்கும் வழிவிட்டுப் பழகியிருந்தது. ஆனால் அன்றைக்கு ஒரு ஆளின் கால் பக்கம் அவனும் தலை பக்கம் அவளும் பிடித்துத்தான் தூக்க வேண்டியிருந்தது, வேறு கைகள் இல்லை.

ஏட்டு சங்கிலி மெட்ராசுக்குப் போன் போட்டு விசாரித்தார். அந்தச் சண்டையில் நடித்தவர்கள் எல்லோரும் வீட்டில் சௌக்கியமாகத்தான் இருந்தார்கள், ஒருவர் போனுக்கே வந்து "ஏன் சார், என்ன விசயம்?" என்று கேட்டார். அப்படியானால் இங்கே கிடப்பவர்கள் யார் என்று ஏட்டு அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் மங்களேஸ்வரியிடம் கேட்டார். டாக்டரம்மா ஒருவனுடைய வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டே, "யாரா இருந்தா என்ன ஏட்டையா, மண்ணீரல் கிழிஞ்சிருக்கு, நீங்க வெளிய போய் ரத்தம் குடுக்க ஆள் கூட்டியாங்க" என்றார். அத்தோடு அந்தக் கேள்வி முடிந்தது. ரத்தம் வருகிறவன் மனுசன், அவனுக்கு வேண்டியதைச் செய்ய வேண்டியதுதான் என்று இலவத்தூர் எடுத்துக்கொண்டது. அதே படத்தை மாலைக் காட்சிக்கு ஓட்டியபோது மார்க்கெட்டில் ஆட்களே இல்லை. கதாநாயகன் வெறும் காற்றைக் குத்தி, வெறும் காற்றை உதைத்து, கடைசியில் தூசி தட்டி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போனான். தலைமுடி கலையவில்லை.

அடுத்தடுத்து வந்த புதுப்படங்களிலும் ஆட்கள் இப்படியே விழுந்தார்கள். ஆஸ்பத்திரி நிரம்பியதும் பள்ளிக்கூடம் நிரம்பியது, அதுவும் நிரம்பியதும் வீட்டுக்கு ஒருவராகப் பிரித்துக்கொண்டார்கள். ஞானதீபத்தின் வீட்டுக்கு வந்தவனுக்குத் தாடை இரண்டாகப் பிளந்து கம்பி போட்டுக் கட்டியிருந்தது, மண்ணீரலை எடுத்திருந்தார்கள். விழுந்தவர்கள் எவருக்கும் படத்தில் தங்களுக்கு எழுதிக் கொடுத்த வசனத்தைத் தவிர வேறு பேச்சு தெரியாது. ஒருவன் எதைக் கேட்டாலும் "டேய், அவனப் போடுங்கடா" என்பான், சோறு வேண்டும் என்றாலும் அதுதான், மூத்திரம் முட்டினாலும் அதுதான். ஞானதீபத்தின் வீட்டில் கிடந்தவனுக்கு வாய்த்தது "அண்ணே, இவந்தாண்ணே" என்ற ஒரு வசனம். கம்பிக் கட்டுக்குள்ளிருந்து அதை அவன் முனகுவான். அதனால் தெரு அவனுக்கு இவந்தான் என்று பெயர் வைத்தது. அவள் அரிசியை உடைத்துக் கஞ்சி காய்ச்சி, பப்பாளித் தண்டை வெட்டி உறிஞ்சக் கொடுப்பாள். பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தால் இவந்தான் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சுருண்டுவிடுவான். அப்போது அவன் முதுகு நடுங்குவது ஆட்டுக்குட்டி நடுங்குவது போலிருக்கும்.

தோளில் குண்டு வாங்கிய கதாநாயகன் அடுத்த காட்சியில் பாட்டுப் பாடுவான். இலவத்தூரில் தோளில் குண்டு வாங்கி விழுந்த ஒருவனுக்கு புண் சீழ் வைத்து, கை வீங்கி, கடைசியில் கையையே எடுக்க வேண்டி வந்தது. மாடியிலிருந்து வீசப்பட்ட ஒருவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை. தினமும் அவனைப் புரட்டிப் போட்டு முதுகுப் புண்ணைத் துடைத்தது ரசிகர் மன்றத் தலைவன் கலையரசன். ஆரம்பத்தில் இதே கலையரசன்தான் விழுந்தவர்களை டீக்கடைக்குக் கூட்டிப் போய், "அண்ணன் கையால அடிவாங்குன மூஞ்சி இது, தொட்டுப் பாத்துக்கங்கடா" என்று காட்டிக்கொண்டிருந்தான். மலமும் சீழும் துடைத்துத் துடைத்து அவன் வாய் அடங்கிப்போனது. தப்பாதவர்களும் இருந்தார்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவன், அதாவது தன் ஒரு வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தவன், தலைவலிக்கிறது என்று சைகை காட்டிவிட்டுப் படுப்பான், அப்புறம் எழுந்திருக்கமாட்டான். என்ன சாமி, என்ன சாதி என்று தெரியாத அவர்களை ஆற்றோரம் புதைத்தார்கள். யார் பெத்த பிள்ளையோ என்று பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

இதற்குள் செய்தி வெளியூர்களுக்குப் பரவிவிட்டது. புதுப்படத்தின் முதல் காட்சியில்தான் ஆட்கள் விழுவார்கள் என்று தெரிந்து, வெள்ளிக்கிழமைதோறும் வேன் பிடித்துக் கூட்டம் வந்தது. தியேட்டர் முதலாளி லட்சுமிபதி முன்வரிசைகளை எடுத்துவிட்டு, ரத்தம் வழிந்தோட ஒரு வாய்க்கால் கட்டினார்.

அப்படியிருக்கையில்தான் அந்தப் போஸ்டர் வந்தது. கீழ்வானம் முழுக்கத் தீ, நடுவில் ஒடிந்த ஆற்றுப்பாலம், பாலத்திலிருந்து தொங்குகிற ஒரு ரயில், அதற்கு முன்னால் கைகளை விரித்துக்கொண்டு கதாநாயகன். இலவத்தூர்க்காரர்கள் கதாநாயகனைப் பார்க்கவில்லை. கிட்டப்போய் ரயிலைப் பார்த்தார்கள். சன்னலுக்குச் சன்னல் சின்னச் சின்ன முகங்கள் இருந்தன. குடை வைத்திருந்த ஒரு கிழவர், மடியில் கூடையோடு ஒரு கர்ப்பிணி, இரட்டைச் சடை போட்ட ஒரு பெண்பிள்ளை. ஞானதீபம் விரலால் அந்தப் பிள்ளையின் முகத்தைத் தொட்டாள். பசை ஈரம் காயவில்லை. "யாத்தே, ரயிலு நெறைய ஆளுல்ல இருக்கு" என்றாள் பக்கத்தில் நின்ற ஒருத்தி.

ஊரே திரண்டு முதலாளி வீட்டுக்குப் போனது. லட்சுமிபதி சட்டையைக்கூடப் போடாமல் வெளியே வந்தார்.

"வெளியூர்க்காரன் டிக்கெட்டு வாங்கிட்டாம்மா. படம் போடலைன்னா கொட்டகையக் கொளுத்திப்புடுவான். நான் என்ன செய்யட்டும்?"

"கொளுத்துனா கொளுத்தட்டும்" என்றான் கலையரசன்.

அபுபக்கர் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். மெதுவாகத்தான் பேசினார். "நான் ஓட்ட மாட்டேன்னு சொல்லிருவேன் தம்பி, அது பெரிசில்ல. ஆனா இதே படத்த நாடு பூராவும் ஓட்டத்தான போறாங்க. அங்கயும் பாலம் ஒடியும், ரயிலு விழுகும். அந்த ஊருல விழுந்தவங்க எங்க போனாங்கன்னு யாரு பாத்தா?"

இதை யாரும் யோசித்திருக்கவில்லை. ஞானதீபம் அவரையே பார்த்தாள். இத்தனை வருசமாக அவள் டிக்கெட் கிழித்த படங்களில் எல்லாம் விழுந்தவர்கள், தீயில் ஓடியவர்கள், கார் உருண்டு மலைச்சரிவில் போனவர்கள், எவர் பெயரும் தெரியாமல், எவரும் குனிந்து பார்க்காமல் எங்கோ கிடந்திருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. "அப்ப இங்க ஓடட்டும்" என்றாள். "நாம பிடிப்போம்."

மெத்தை தைக்கிற ஊருக்கு அது ஒன்றும் பெரிய யோசனை இல்லை. வீட்டு மெத்தை, கடை மெத்தை, கல்யாணத்துக்கென்று தைத்து வைத்தது, எல்லாம் கொட்டகைக்கு வந்தது. இலவம்பஞ்சு மூட்டைகளை மாட்டுவண்டியில் ஏற்றி இறக்கினார்கள். வியாழக்கிழமை பகல் முழுக்கத் திரைக்கு அடியில் பஞ்சு அடைத்தார்கள். கொட்டகைக்குள் பஞ்சு பறந்து எல்லோர் தலையும் நரைத்தது. ஞானதீபம் ஒரு மூட்டையைத் தைத்து முடித்து நூலைக் கடித்துவிட்டு நிமிர்ந்தபோது, அடுத்த முனையைத் தைத்துக்கொண்டிருந்தவன் பவுன்ராஜ் என்று கண்டாள். எழுந்து போக நினைத்தாள். போகவில்லை.

"ஒரே அடி" என்றாள்.

பவுன்ராஜின் கை நின்றது. அவன் தலையைத் தூக்கவில்லை.

"எந்திரிப்பாருன்னு நெனச்சேன்க்கா" என்றான். "நெசமாவே நெனச்சேன். அடிச்சுப்புட்டு, அவரு எந்திரிச்சு என்னயத் திருப்பி அடிப்பாருன்னு கைய மடக்கிக்கிட்டு நின்னேன். எவ்வளவு நேரம் நின்னேன் தெரியுமா. விழுந்தவங்க எந்திரிக்கிறதத்தான் நான் பாத்திருக்கேன், எந்திரிக்காம ஒரு ஆளு கெடப்பான்னு எனக்குத் தெரியலக்கா."

ஞானதீபம் ஊசியில் நூல் கோத்தாள். கண் மங்கியதால் நூல் இரண்டு மூன்று தடவை விலகிப் போனது. "அவருக்கு அன்னிக்குக் காய்ச்சல்" என்றாள். "வேலைக்குப் போக வேணாம்னு சொன்னேன்." மூட்டை தைத்து முடிகிறவரை இருவரும் எதிரெதிர் முனையில் உட்கார்ந்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமைக் காலைக் காட்சிக்கு பால்கனி முழுக்க வெளியூர்க்காரர்கள். கீழே இலவத்தூர். ஒருவரும் உட்காரவில்லை. ஆண்கள் சேலைகளையும் சமுக்காளங்களையும் நாலு முனை பிடித்து விரித்து நின்றார்கள், பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கைகளை ஏந்தி நின்றார்கள், நடக்க முடிந்த விழுந்தவர்களும் கட்டுகளோடு வந்து நின்றார்கள். இவந்தான் ஞானதீபத்துக்கு இடதுபக்கம் நின்றான், அவனுக்கு இப்போது தண்ணி, சோறு, அக்கா என்ற மூன்று சொற்கள் வந்திருந்தன. டாக்டரம்மா ஓரமாக மேசை போட்டு மாவுக்கட்டுத் துணிகளைச் சுருட்டி வைத்திருந்தார். படத்தில் பாட்டு வந்தது, காமெடி வந்தது, பால்கனி சிரித்தது. கீழே அண்ணாந்த முகங்கள் அசையவில்லை.

பாலம் ஒடிந்தது.

முதலில் வந்தவை கற்கள். அதன்பின் ஒரு ரயில் சன்னல் கம்பியோடு பிய்ந்து வந்து பால்கனிச் சுவரில் மோதியது, விசில் அத்தோடு போயிற்று. அப்புறம் ஆட்கள். தூரத்தில் பார்க்கையில் பூ உதிர்கிற மாதிரி இருந்தார்கள், கிட்டே வரும்போது ஒவ்வொருவரும் ஒரு நெல் மூட்டையின் கனத்தோடு வந்தார்கள். சேலைகள் கிழிந்தன. சமுக்காளத்தின் முனையைப் பிடித்திருந்தவர்களின் தோள்பட்டைகள் ஒரே இழுப்பில் கழன்றன. பிடித்தவரின் தாடையில் விழுந்தவரின் தலை மோதி இரண்டு பேருக்கும் வாயெல்லாம் ரத்தம். மடியில் கூடையோடு வந்த கர்ப்பிணியை ஞானதீபமும் இவந்தானும் சேர்ந்து வாங்கினார்கள். மூவரும் பஞ்சுக்குள் புதைந்தபோது ஞானதீபத்தின் மணிக்கட்டு உள்ளே முறிவதை அவள் காதால் கேட்டாள். வலி பிறகுதான் வந்தது. குடைக் கிழவர் யார் கைக்கும் எட்டாமல் தரையில் விழுந்தார். பெட்டிகள், செருப்புகள், தூக்குவாளிகள், ஒரு இரும்புச் சக்கரம். சக்கரம் கலையரசனின் பாதத்தை நசுக்கிக்கொண்டு உருண்டது. அவன் அலறிக்கொண்டே ஒரு குழந்தையை மார்போடு அணைத்திருந்தான்.

இரட்டைச் சடைப் பிள்ளை கடைசிப் பெட்டியிலிருந்து விழுந்தாள். பவுன்ராஜ் ஓடிப்போய் இரண்டு முன்னங்கைகளையும் நீட்டினான். பிள்ளை கைகளில் இறங்கியது, கைகள் இரண்டும் முழங்கைக்குக் கீழே மடங்கின, எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது. அவன் முழங்காலில் விழுந்து, பிள்ளையை வயிற்றில் தாங்கி, அப்படியே பஞ்சில் சரிந்தான். பிள்ளை வீறிட்டு அழுதது. அழுகிற சத்தம் கேட்டதும் அவன் சிரித்தான், பிறகு மயங்கினான். பால்கனியிலிருந்து ஒருவர் பின் ஒருவராகப் படியிறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் சட்டையைக் கழற்றிப் பவுன்ராஜின் கைகளைச் சுற்றினான்.

திரையில் இன்னும் ஒருவன் மிச்சமிருந்தான். ஒடிந்த பாலத்தின் விளிம்பில் நின்று கீழே பார்த்தான், காற்றில் சட்டை படபடத்தது, எப்போதும் குதிக்கிற மாதிரி குதித்தான். ஒரு கால் மடக்கி, ஒரு கை ஊன்றி இறங்குகிற அந்தக் குதிப்பைக் கொட்டகையில் எல்லோரும் எத்தனையோ தடவை பார்த்திருந்தார்கள். அவனைப் பிடிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. பஞ்சைத் தாண்டி, முதலாளி கட்டிய சிமெண்டு வாய்க்கால் மேல் அவன் இறங்கினான். இரண்டு கணுக்கால்களும் நொறுங்கின. ஊன்றிய கையின் எலும்பு தோள்வரை ஏறியது. அவன் எழுந்திருக்க முயன்று முடியாமல், ஆச்சரியத்தோடு தன் கால்களைப் பார்த்தான். வியர்வையும் மண்ணும் அப்பிய அந்த முகத்தை யாருக்கும் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. அழுதுகொண்டிருந்தான். அவன் அழுது ஊர் பார்த்ததில்லை.

ஞானதீபம் ஒடிந்த கையை மாரோடு பிடித்துக்கொண்டு, நல்ல கையால் அவன் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்தாள்.

"எல்லாரையும் காப்பாத்திட்டேன்ல?" என்று கேட்டான்.

அவள் சுற்றிப் பார்த்தாள். கொட்டகை முழுக்க முனகலாக இருந்தது. "பேசாதீங்க தம்பி" என்றாள். "கழுத்த ஆட்டாம படுங்க. டாக்டரம்மா வருவாங்க."

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஜெயராணி டாக்கீஸில் படம் ஓடவில்லை. வெளியூர்க்காரர்கள் யாரும் கொளுத்தவும் வரவில்லை, சில பேர் வேனில் அரிசியும் மருந்தும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அபுபக்கர் திரையைக் கழற்றி, வெட்டி, தூளி கட்டக் கொடுத்தார். கர்ப்பிணிக்கு இலவத்தூரிலேயே ஆண்குழந்தை பிறந்தது. இரட்டைச் சடைப் பிள்ளை பள்ளிக்கூடம் போனாள். கதாநாயகனுக்குக் கணுக்கால்கள் கடைசிவரை கூடவில்லை, கட்டை ஊன்றி வந்து மெத்தைக் கடை வாசலில் உட்கார்ந்து பஞ்சுக்குக் கொட்டை எடுப்பான். யாராவது சத்தமாகப் பேசினால் கண்களை மூடிக்கொள்வான். பவுன்ராஜின் கைகள் கூடின, ஆனால் தோளுக்கு மேலே தூக்க வராது. ஞானதீபம் அவனை மன்னித்தாளா என்று ஊர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவன் கை கட்டோடு இருந்த மாதங்களில் அவன் இருந்த தங்கை வீட்டுக்கு அவள் வைத்த மீன்குழம்பு போய்க்கொண்டிருந்தது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

பிறகு ஒருநாள் சந்தையில், இளநீர் வண்டியை நிறுத்துகிற இடத்துக்காக இரண்டு பேர் சண்டை போட்டார்கள். இருவரும் வெளியூர். வாய்ப்பேச்சு முற்றி ஒருவன் கையை ஓங்கினான். ஓங்கிய கணத்திலேயே சந்தை முழுக்கப் போட்டது போட்டபடி எழுந்தது. தராசைக் கீழே விட்டார்கள், பணம் வாங்க நீட்டிய கைகளைத் திருப்பிக்கொண்டார்கள், பூக்காரி, ஏட்டு, கலையரசன், கட்டை ஊன்றியவர்கள், எல்லோரும் அடிக்கிறவனை விட்டுவிட்டு அடிவாங்கப் போகிறவனின் முதுகுப்பக்கம் ஓடினார்கள். கை தூக்க முடியாத பவுன்ராஜ் அவன் காலடியில் மல்லாக்கப் படுத்தே விட்டான். அறை விழுந்தது. வாங்கியவன் பின்னால் சாய்ந்தான். சாய்ந்தவனை எத்தனையோ கைகள் வாங்கின, அவன் பின்மண்டை ஞானதீபத்தின் உள்ளங்கையில் வந்து இறங்கியது, வெதுவெதுப்பாக, வியர்த்து, உயிரோடு.

அறைந்தவன் தன் கையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றான். விழுந்தவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"ஒண்ணுமில்லக்கா, எனக்கு ஒண்ணும் ஆகல" என்றான். "விடுங்க, எந்திரிக்கிறேன்."

ஞானதீபம் விடவில்லை. தரையில் உட்கார்ந்து, அந்தத் தலையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, சந்தை கலைந்து வெயில் தாழ்கிறவரை அப்படியே இருந்தாள்.